மூன்று ஓட்டைகளும் ஒரு மூடியும்

வீட்டின் பின்புறம் ஒரு பழைய ஃபிரிட்ஜ் மூன்று வருடமாக வெயிலிலும் மழையிலும் கிடந்தது. கம்ப்ரஸர் போய்விட்டது, கதவு மட்டும் இன்னும் கச்சிதமாக மூடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் இறைச்சிக்குப் புகை போடும் பெட்டிதான் என் கண்ணுக்குத் தெரியும். தட்டு இருக்கிறது, கதவு இருக்கிறது, உயரமும் இருக்கிறது. கீழே ஒரு ஓட்டை, மேலே ஒரு ஓட்டை போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

என் மச்சினன் வெல்டிங் தொழில் செய்கிறவன். கிரைண்டரை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். வந்தான், கதவைத் திறந்தான், விரல் முட்டியால் உள்சுவரை இரண்டு தட்டு தட்டினான்.

"மாமா, இது பூரா பிளாஸ்டிக். கறிக்குப் புகை போடப்போறீங்களா, டப்பாவுக்கா?"

உள்சுவர் பிளாஸ்டிக், அதற்கும் வெளித்தகரத்துக்கும் நடுவில் பாலியூரிதேன் நுரை. நான் செய்ய நினைத்ததோ சூட்டோடு புகை போடுவது. பெட்டிக்குள் 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அதில் அந்தப் பிளாஸ்டிக் இளகி, வளைந்து, தன் பங்குக்கு அதுவும் புகை விடும். தீயை வெளியே வைத்து, குழாய் வழியாகப் புகையை மட்டும் உள்ளே அனுப்பி, 30 டிகிரிக்குக் கீழே குளிர்ப்புகை போடுகிறவர்கள் உண்டு. அது தனி வித்தை. உப்பிட்டுப் பதப்படுத்தும் கணக்கு சரியாகத் தெரியாதவன் அதில் கைவைத்தால் விருந்தாளிகளை மருத்துவமனையில்தான் பார்க்க வேண்டும்.

சரி, தட்டுகளையாவது கழற்றிக்கொள்வோம் என்றேன். அதற்கும் தடை. ஒரு காலத்தில் ஃபிரிட்ஜ் தட்டுகளுக்குக் காட்மியம் முலாம் பூசியிருக்கிறார்கள். காட்மியம் நஞ்சு. எங்கள் ஃபிரிட்ஜ் அவ்வளவு பழையதாக இருக்காது, இருந்தாலும் அதன் வயதைக் கண்டுபிடிக்கக் கிளம்புவதைவிட வேறு தட்டு தேடுவது சுலபம்.

அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம்தான், எந்தப் பழைய சாமானைக் கையில் எடுத்தாலும் "நீ இதுக்கு முன்னாடி எங்கே இருந்தே?" என்று அதையே கேட்பது. மனைவி முதலில் சிரித்தாள். இப்போது அவளும் கேட்கிறாள்.

அடுத்து டிரம். 200 லிட்டர் இரும்பு டிரம்தான் இந்த வேலைக்கு உலகமெங்கும் எடுக்கிறார்கள். ஏறக்குறைய 88 சென்டிமீட்டர் உயரம், 57 சென்டிமீட்டர் குறுக்களவு. அடியில் கரி, மேலே கறி, நடுவில் அரை மீட்டருக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளி இருப்பதால்தான் நேரடிச் சூட்டில் கருகாமல் மெல்ல வேகும். எனக்கு முதலில் கிடைத்த டிரம் இலவசம். லேபிள் சுரண்டப்பட்டிருந்தது. மூக்கை வைத்தால் நெயில் பாலிஷ் போல ஒரு வாசனை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். பூச்சிமருந்தோ கரைப்பானோ இருந்த டிரம்மை எத்தனை முறை எரித்தாலும் என் மனம் ஒப்பாது. இரண்டாவது டிரம் சமையல் எண்ணெய் வந்தது, லேபிள் அப்படியே இருந்தது, உள்ளே ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய்க் கசடு. அந்தக் கசடைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதுபோல் வேறு யாரும் பட்டிருக்க மாட்டார்கள்.

மூடிய டிரம்மை வெட்டுவது பற்றி மச்சினன் விளையாட மாட்டான். உள்ளே ஆவி தங்கியிருந்தால் கிரைண்டரின் ஒரு பொறி போதும், டிரம் குண்டுபோல் வெடிக்கும். எண்ணெய் டிரம்தானே என்று நான் சொன்னதை அவன் காதிலேயே வாங்கவில்லை. மேலே இருக்கும் இரண்டு அடைப்புகளையும் திறந்து, சுடுதண்ணீரும் சோப்பும் விட்டு மூன்று முறை கழுவி, பிறகு வெட்டும் கோட்டுக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் பிளேடை வைத்தான். மேல்விளிம்பிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே சுற்றிலும் ஒரே வெட்டு. மேல்துண்டு மூடி, கீழ்த்துண்டு அடுப்பு.

இங்கே ஒரு சௌகரியம். இந்த மாதிரி டிரம்மின் தலையில் இரண்டு துளைகள் தொழிற்சாலையிலேயே போட்டிருக்கும். ஒன்று 2 இஞ்ச், இன்னொன்று முக்கால் இஞ்ச். இரண்டிலும் மரை உண்டு. 2 இஞ்ச் துளை புகைபோக்கிக்கு, முக்கால் இஞ்ச் துளை தெர்மாமீட்டர் கம்பி நுழைக்க. எனக்காகவே போட்டதுபோல் இருந்தது.

உள்சுவரில் செங்கல் நிறத்தில் ஒரு பூச்சு இருந்தது. எப்பாக்ஸி. எண்ணெய் இரும்பில் படாமல் இருக்கப் பூசுவது, உப்புத்தாளுக்கெல்லாம் மசியாது. எரித்துத்தான் எடுக்க வேண்டும். டிரம்மின் அடியில் துளைகள் போட்டபிறகு, உள்ளே விறகு அடுக்கி மூன்று மணிநேரம் கொழுந்துவிட்டு எரியவிட்டோம். காற்று எங்கள் பக்கம் திரும்பியபோதெல்லாம் ஓடினோம். அந்தப் புகையை யாரும் சுவாசிக்கக்கூடாது, அக்கம்பக்கத்துத் துணிக்கொடியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். (பார்த்துக்கொள்ளவில்லை. இரண்டு போர்வைகளை நான் துவைத்துக் கொடுத்தேன்.) விறகுக்கு உடைந்த மரப் பேலட்டுகளை எடுத்தோம். அதிலும் ஒரு முத்திரை இருக்கும், எச்.டி. என்றால் சூடுபடுத்திப் பூச்சி நீக்கியது, எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு வாயு அடித்தது. எம்.பி. முத்திரை விழுந்ததையும், முத்திரையே இல்லாததையும், பெயின்ட் பட்டதையும் தள்ளி வைத்தோம். ஆறிய பிறகு கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் வெற்று இரும்பு தெரிந்தது. உடனே சமையல் எண்ணெயை மெல்லியதாகத் தடவினேன். ஒரு ராத்திரி விட்டிருந்தால் துரு பிடித்திருக்கும்.

கரிக் கூடைக்கு ஒரு வாஷிங் மெஷின் செத்துக் கொடுத்தது. அதன் உள் டிரம் துருவேறாத எஃகு, சுற்றிலும் ஆயிரம் சின்னத் துளைகள், காற்று போக இதைவிட என்ன வேண்டும்? காந்தத்தை வைத்தேன், ஒட்டியது. ஐயோ, சாதா இரும்பா என்று வயிற்றைக் கலக்கியது. துருவேறாத எஃகில் காந்தம் ஒட்டும் ரகமும் உண்டு என்று மச்சினன் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. பத்து வருடம் சோப்புத் தண்ணீரில் சுற்றியும் துருப்பிடிக்காததே போதுமான சாட்சிதானே. பின்னால் மூன்று கால் வைத்த ஒரு அலுமினியச் சட்டம் இருந்தது. அதைக் கழற்றி எறிந்தோம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், காற்று கிடைத்த கங்கு அதைத் தாண்டிப் போகும். டிரம்மை 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, அடியில் வலைத்தகடு வைத்து, மூன்று நீள போல்ட்டுகளைக் காலாக மாட்டினோம். தரைக்கும் கூடைக்கும் 7 சென்டிமீட்டர் இடைவெளி. இது இல்லையென்றால் சாம்பல் நிறைந்து பாதியில் தீ மூச்சுத்திணறும்.

கறி வைக்கும் தட்டுக்கு, மனைவி பழைய மேசை மின்விசிறியின் கம்பிக்கூண்டைக் கொண்டுவந்தாள். வட்டமும் அளவும் அச்சு அசல். என் மனம் அலைபாய்ந்தது, மறைக்கவில்லை. ஆனால் கம்பி மேல் இருந்தது பெயின்டா, முலாமா, பிளாஸ்டிக்கா என்று யாருக்கும் தெரியவில்லை. "நீ இதுக்கு முன்னாடி..." என்று அவளே ஆரம்பித்துச் சிரித்துக்கொண்டு திரும்ப எடுத்துப்போனாள். கடைசியில் பாத்திரம் கவிழ்த்து வைக்கும் உடைந்த எஸ்.எஸ். ஸ்டாண்டின் கம்பிகளை நேராக்கி, வட்ட வளையத்தில் வரிசையாக வெல்டிங் செய்து தந்தான் மச்சினன். விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே நான்கு போல்ட் தலைகள் மேல் உட்காரும்.

காற்று வரும் வழிக்குத்தான் சண்டை வந்தது. டிரம்மின் அடிப்பக்கம் சுற்றிலும் மூன்று முக்கால் இஞ்ச் துளை, ஒவ்வொன்றிலும் ஒரு குழாய்த்துண்டு. என்னிடம் ஜி.ஐ. குழாய்த் துண்டுகள் ஒரு வாளி நிறைய இருந்தன. அவன் ஒரே பேச்சாக முடியாது என்றான். ஜி.ஐ. என்றால் மேலே துத்தநாகப் பூச்சு. 419 டிகிரியில் உருகும், 907-ல் கொதித்து ஆவியாகும். அந்த ஆவி மூச்சில் போனால் சில மணிநேரத்தில் குளிர்ஜுரம் தூக்கிப்போடும். தொழிலுக்கு வந்த புதிதில் முகமூடி இல்லாமல் ஜி.ஐ. வேலியை வெல்டிங் செய்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க மூன்று போர்வைக்குள் நடுங்கினானாம். குளிர்ந்த காற்று உள்ளே வரும் இடத்தில் குழாய் அவ்வளவு சூடாகாது என்று வாதாடிப் பார்த்தேன். பலரும் அப்படிப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் நடுங்கியவனிடம் வாதம் எடுபடுமா? பூச்சில்லாத கறுப்புக் குழாய் தேடி ஒரு வாரம் போனது. இரண்டு துளைகளுக்கு மரை மூடி. மூன்றாவதில் ஒரு எல்போ, அதாவது வளைவுத்துண்டு போட்டு, குழாயை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, உச்சியில் கைப்பிடியால் திருகும் ஒரு வால்வு. குனியாமலே காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். முழங்கால் வலி உள்ளவனின் பொறியியல் இது.

ஒரு சனிக்கிழமை எல்லாம் தயார். நான்கு கிலோ கரி, ஒரு முழுக்கோழி. ஆர்வத்தில் கரி முழுவதையும் பற்றவைத்து, கனிந்ததும் கொட்டி, கோழியை வைத்து மூடினேன். அரைமணியில் 190 டிகிரி. கீழே மூன்று வழிகளையும் அடைத்தேன், இறங்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் மூடியைச் சுற்றிப் புகை கசிகிறது. எப்பாக்ஸி எரித்த சூட்டில் டிரம்மின் வாய் லேசாக நெளிந்திருக்கிறது. ஒரு பக்கம் தீக்குச்சி நுழையும் அளவுக்குச் சந்து. புகை போகும் சந்து இருந்தால் அதற்கு ஈடாகக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வரும். நான் வால்வைத் திருகியதெல்லாம் வேடிக்கை. கோழி தோல் கருகி, உள்ளே நன்றாகவே வெந்திருந்தது. புகைவாசமே இல்லை. சுட்ட கோழி என்று பெயர் மாற்றிச் சாப்பிட்டோம்.

ஆர்வத்தில் இன்னொரு தப்பும் செய்தேன். கொதிக்கும்போதே மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்தேன். காற்றுக்கு ஏங்கிக்கொண்டிருந்த தீயும் கீழே சொட்டியிருந்த கொழுப்பும் ஒன்றாக எழுந்து வந்தன. வலது புருவம் திரும்ப வளர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

மூடிக்குக் கண்ணாடியிழைக் கயிறு சுற்றினேன், விறகு அடுப்புக் கதவுகளில் போடுவது. இதை மட்டும் புதிதாக வாங்கினேன், ஏனென்றால் பழைய அடுப்பிலிருந்து உரித்த கயிற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். சந்து அடைந்தது. இரண்டாவது முறை உற்சாகமாக ஆரஞ்சு மரக் கிளைகளை, ஒரு வருடம் காய்ந்தவை, கை நிறையப் போட்டேன். அப்புறம் நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். புகை வீணாகப் போகக்கூடாது, உள்ளேயே நின்று கறியில் ஊற வேண்டும் என்று நினைத்து, மேலே 2 இஞ்ச் துளையை முக்கால்வாசி அடைத்தேன். பஞ்சுபோல் வெள்ளைப்புகை கனத்துக் கிடந்தது. பார்க்க அழகு. புகைப்படம்கூட எடுத்தேன்.

அந்தக் கோழியை நாய் மோந்துவிட்டுப் போய்விட்டது.

நாக்கில் வைத்தால் தார் தடவியதுபோல் கசப்பு, ஓரத்தில் மரத்துப்போகும். காரணம் பிறகு புரிந்தது. மரத்தில் இருக்கும் லிக்னின் சூட்டில் உடையும்போதுதான் குவாயகால், சிரிங்கால் போன்ற பொருள்கள் வருகின்றன. புகைவாசம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். காற்று போதாமல் விறகு புழுங்கினால் சரியாக எரியாத தார்த் துளிகளும் நீராவியும் சேர்ந்து வெள்ளையாகக் கிளம்பும், வெளியே போக வழியில்லாவிட்டால் குளிர்ந்த கறிமேல் படிந்து ஒட்டிக்கொள்ளும். நல்ல புகை ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய நீலம் தெரியும், அவ்வளவுதான். பைன் போன்ற பிசின் மரங்களைப் போட்டால் எப்படித் திறந்து வைத்தாலும் கசப்புதான்.

அதாவது நான் புகையைச் சேமிக்கப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கட்டியிருக்க வேண்டியது ஒரு காற்றுவழி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேலே 2 இஞ்ச் துளை ஏறக்குறைய 20 சதுர சென்டிமீட்டர். கீழே மூன்றும் சேர்ந்து 10 சொச்சம். மேலே தாராளம், கீழே சிக்கனம். இந்த அளவு தற்செயலாகவே சரியாக அமைந்திருந்தது, நான்தான் அடைத்துக் கெடுத்தேன். அன்றிலிருந்து மேலே எப்போதும் முழுக்கத் திறந்திருக்கும். சூட்டை ஆள்வது கீழே மட்டும்.

மூன்றாம் முறைக்கு முன்னால் தெர்மாமீட்டரையும் சந்தேகப்பட்டேன். உடைந்த ஓவன் ஒன்றிலிருந்து கழற்றிய முள் டயல் அது. கொதிக்கும் தண்ணீரில் முக்கினால் 91 காட்டியது. நாங்கள் மலை உச்சியில் குடியிருக்கவில்லை, ஆகவே குறை டயலில்தான். பின்னால் இருந்த நட்டைத் திருகி 100-க்குக் கொண்டுவந்தேன். மூடியில் இருக்கும் சூடும் தட்டில் இருக்கும் சூடும் ஒன்றில்லை என்பதால், கறியில் குத்தும் தெர்மாமீட்டர் தனியாக ஒன்று வைத்திருக்கிறேன். கோழிக்கு உள்சூடு 74 டிகிரி வந்ததா என்று அதைக் கேட்காமல் எடுப்பதில்லை.

இந்த முறை மூன்று கிலோ பன்றித் தோள்கறி. உப்பு, மிளகு, வேறொன்றும் இல்லை. கூடையில் ஐந்து கிலோ பற்றவைக்காத கரியை நிரப்பி, இடையிடையே மரத்துண்டுகளைப் புதைத்து, நடுவில் ஒரு குழி பறித்து அதில் பத்துப் பன்னிரண்டு கங்குகளை மட்டும் வைத்தேன். கங்கு பக்கத்தில் இருப்பதை மெல்லப் பற்றவைத்துக்கொண்டே போகும். ஜிம் மினியன் என்கிற அமெரிக்க பார்பெக்யூக்காரர் பிரபலப்படுத்தியதால் இதை மினியன் முறை என்கிறார்கள். 90 டிகிரி வந்தபோதே கீழ்த்துளைகளின் இரண்டு மரை மூடிகளையும் அடைத்தேன். 110-ஐத் தாண்டி ஓடிவிட்டால் இறக்குவது கஷ்டம், ஏறும்போதே பிடிக்க வேண்டும். வால்வைப் பாதிக்கும் கீழே வைத்தேன். முள் 112-ல் போய் நின்றது. ஒரு மணிநேரம் கழித்துப் பார்த்தேன், 112. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு அதில் என்ன அதிசயம் என்று விளங்கவில்லை.

மதியம் கறியின் உள்சூடு 68-க்கு வந்தது. அப்படியே நின்றுவிட்டது. அரைமணி, ஒரு மணி, இரண்டு மணி. கரி தீர்ந்ததா, டயல் செத்ததா என்று மச்சினனுக்கு நான்கு முறை போன் போட்டேன். பிறகுதான் இது எல்லாருக்கும் நடப்பது என்று தெரிந்தது. கறியின் மேல்பரப்பில் ஈரம் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, நமக்கு வியர்த்தால் உடம்பு குளிர்வது போலத்தான். உள்ளே ஏறும் சூடும் வெளியே போகும் சூடும் சமமானால் முள் நகராது. அந்த நேரம் வீண் இல்லை, தோள்கறியின் முரட்டுச் சவ்வு ஜெலட்டினாக இளகுவது இந்தச் சூட்டில்தான். பொறுமை இருந்தால் விட்டுவிடலாம், இல்லாவிட்டால் அலுமினியத்தாளில் சுற்றி ஆவியை அடைக்கலாம். எனக்குப் பொறுமை இல்லை. சுற்றினேன். ஒன்பதாவது மணிநேரத்தில் 94 தொட்டது, முள்கரண்டி வைத்தால் எலும்பு தானாகக் கழன்று வந்தது. வெட்டிய துண்டின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம். அதை வேகாத கறி என்று நினைத்து என் மாமியார் தட்டைத் தள்ளிவிட்டார். தீயிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறியின் நிறமியைப் பிடித்துவைப்பதால் வரும் சிவப்பு அது என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் ஒரு துண்டு எடுத்துப் பார்த்துவிட்டு, தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

அதே கார்பன் மோனாக்சைடு மூடிய இடத்தில் ஆளையே கொல்லும் என்பதால்தான் டிரம் இன்றுவரை மழை வந்தாலும் கொட்டகைக்குள் போவதில்லை. மேலே ஒரு தகரம் மட்டும் சாய்த்திருக்கிறேன், நாலு பக்கமும் திறந்தவெளி. வால்வின் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஆணியால் மூன்று கோடு கீறியிருக்கிறேன். கோழிக்கு, தோள்கறிக்கு, மீனுக்கு. மீன் கோடு இன்னும் சரியில்லை, இரண்டு முறை அழித்து எழுதினேன். கூடையின் கால் போல்ட்டுகள் சாதா இரும்பு, அரித்துக்கொண்டு வருகின்றன, மாற்ற வேண்டும்.

ஃபிரிட்ஜ் அதே இடத்தில்தான் நிற்கிறது. மெக்கானிக்கை வைத்து அதிலிருந்த குளிரூட்டும் வாயுவை முறையாக எடுத்தோம். குழந்தைகள் உள்ளே போய் மாட்டிக்கொள்ளாதபடி எட்டாத உயரத்தில் ஒரு பூட்டும் போட்டாயிற்று. உள்ளே கரி மூட்டைகளும் ஆரஞ்சு மரத் துண்டுகளும் இருக்கின்றன. கதவின் ரப்பர் இன்னும் உயிரோடு இருப்பதால் எவ்வளவு மழை பெய்தாலும் கரியில் ஈரம் ஏறுவதில்லை.